இல்லையென்று சொல்லும் இரண்டு வழிகள்

"மூச்சை உள்ளுக்கு எடுக்கேக்கை விலாவிலை குத்துது டொக்ரர்." கோப்பாய் பிரதேச வைத்தியசாலை போன்ற ஓர் இடத்தின் வெளிநோயாளர் பிரிவில் எந்தக் காலையிலும் கேட்கக்கூடிய முறைப்பாடு இது. சொல்பவர் வெங்காய மூட்டை தூக்கித் தசை பிடித்தவராக இருக்கலாம். நெஞ்சில் சளி கட்டியவராகவோ, இழுப்புக்காரராகவோ, மாரடைப்பின் முதல் மணித்தியாலத்தில் இருப்பவராகவோகூட இருக்கலாம். இந்த வரிசையின் கடைசியில் இன்னொரு நோயும் நிற்கிறது. காலின் ஆழ்நாளத்தில் உறைந்த இரத்தம் பிய்ந்து மேலேறி, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து, நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொள்வது. பெரிய கட்டியென்றால் ஆள் நின்ற நிலையிலேயே விழுந்துவிடுவார். சிறியதென்றால் இப்படி நடந்து வந்து கதிரையில் இருந்து "குத்துது" என்பார்.

இந்த நோயைக் கண்டுபிடிப்பது வைத்தியருக்கு ஒரு வேலை. "உங்களுக்கு அது இல்லை, வீட்டை போங்கோ" என்று நிம்மதியாகச் சொல்வது அதைவிடக் கடினமான வேலை. அதைச் சொல்ல இன்று இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நோயாளியிடம் சில கேள்விகள் கேட்டுப் புள்ளி போட்டு, புள்ளி குறைவாக வந்தால் டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்வது. மற்றது, பருத்தித்துறை வீதியால் யாழ்ப்பாண நகருக்குக் கொண்டுபோய், கை நாளத்தில் சாயமருந்து ஏற்றி, நுரையீரல் தமனிகளை சிடி இயந்திரத்தில் படமெடுப்பது. முதலாவதைப் பலர் வசதியில்லாதவர்களின் மாற்று வழியாகவும் இரண்டாவதையே 'உண்மையான' பரிசோதனையாகவும் நினைக்கிறார்கள். வைத்தியர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த எண்ணம் அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

கேள்வி வழியில் தொடங்குவோம். கனடாவின் ஒட்டாவாவைச் சேர்ந்த பிலிப் வெல்ஸும் அவரோடு சேர்ந்தவர்களும் 1990களின் கடைசியில் உருவாக்கிய புள்ளிமுறையே இன்றும் அதிகம் புழங்குகிறது. ஆழ்நாள இரத்தக்கட்டியின் அடையாளம் காலில் இருந்தால் 3 புள்ளி. வேறெந்த நோயையும்விட நுரையீரல் இரத்தக்கட்டியே பொருந்துகிறது என்று வைத்தியர் நினைத்தால் 3. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் ஒன்றரை. கடந்த நான்கு வாரத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்திருந்தாலோ மூன்று நாளாவது படுக்கையில் கிடந்திருந்தாலோ ஒன்றரை. முன்பு ஒருமுறை கட்டி வந்திருந்தால் ஒன்றரை. சளியோடு இரத்தம் வந்தால் 1. புற்றுநோய் இருந்தால் 1. கூட்டுத்தொகை 4 அல்லது அதற்குக் கீழே என்றால் 'சாத்தியம் குறைவு', மேலே என்றால் 'சாத்தியம் உண்டு'.

தாளில் இது ஏழு வரி. வாட்டில் அது இப்படி நடக்கும்:

"அம்மா, கால் ரெண்டையும் நீட்டுங்கோ. எந்தக் கால் நோகுது?"

"நோ எண்டு இல்லை தம்பி. இடக்கால் கொஞ்சம் ஊதின மாதிரிக் கிடக்கு. நாலைஞ்சு நாளா."

வைத்தியர் தையல்காரரின் நாடாவை எடுத்து, முழங்காலுக்குக் கீழே முட்டியிருக்கும் எலும்பு மேட்டிலிருந்து பத்து சென்ரிமீற்றர் இறக்கி, இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளக்கிறார். மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது சும்மா வீக்கமில்லை. கெண்டைக்கால் சதையை ஆழ அமத்தி நோகிறதா என்று கேட்கிறார். இதற்கு மின்சாரமும் வேண்டாம், சாயமருந்தும் வேண்டாம். ஆனால் சேலையை முழங்கால்வரை உயர்த்தச் சொல்ல மறைப்பு வேண்டும், பக்கத்தில் ஒரு தாதி வேண்டும், ஐந்து நிமிடம் வேண்டும். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது முதலில் விட்டுப்போவது இந்த ஐந்து நிமிடம்தான். எளிய வழியின் செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது என்பேன்.

புள்ளி குறைவாக வந்தவருக்கு அடுத்தது டி-டைமர். இரத்தக்கட்டி உருவானதும் உடல் அதைக் கரைக்கத் தொடங்கும். கரையும் பைபிரின் வலையிலிருந்து உதிரும் துண்டுகளில் ஒன்றுதான் இது. வழக்கமான வரம்பு மில்லிலீற்றருக்கு 500 நானோகிராம். அதற்குக் கீழே என்றால் உடலில் புதிய கட்டி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மேலே என்றால்? அங்கே அது ஊமை. நெருப்பில்லாமல் புகையாது என்பது சரி. ஆனால் புகை வந்தால் அது வீடு எரிவதாகவும் இருக்கலாம், வளவில் கஞ்சல் கொளுத்துவதாகவும் இருக்கலாம். கிருமித்தொற்று, காயம், சத்திரசிகிச்சை, புற்றுநோய், கர்ப்பம், வெறும் முதுமை என்று எல்லாமே டி-டைமரைக் கூட்டும். 'இல்லை' என்று சொல்ல வல்ல இந்தப் பரிசோதனைக்கு 'உண்டு' என்று சொல்லும் தகுதி கிடையாது.

சிடி வழியில் இந்தத் தடுமாற்றம் இல்லை. தமனிக்குள் சாயம் வெள்ளையாக ஓடும், கட்டி இருக்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஓர் இடைவெளி தெரியும். எந்தக் கிளையில், எவ்வளவு பெரிது, இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருக்கிறதா என்பதெல்லாம் அதே படத்தில் வரும். கட்டி இல்லாவிட்டால் நிமோனியாவோ பெருந்தமனிக் கிழிவோ கண்ணில் படலாம். இந்த வசதியை எந்தப் புள்ளிமுறையும் தராது. கைமாறாக அது கேட்பவையும் உண்டு. அயடீன் சாயம் சிலருக்கு ஒவ்வாமை தரும், பழுதுபட்ட சிறுநீரகத்தை மேலும் சோதிக்கும். நீரிழிவுக்கு மெற்போமின் குளிசை எடுப்பவர்களில் சிறுநீரகம் நலிந்தவர்கள் அதைச் சில நாள் நிறுத்தவேண்டி வரும். ஒரு மனிதர் இயற்கையாக ஓராண்டில் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக 2.4 மில்லிசீவேட். ஒரு நுரையீரல் சிடி பெரும்பாலும் அதையும் தாண்டி, சில வேளை அதன் சில மடங்குவரை தரும். எழுபது வயதுக்காரருக்கு அது பொருட்டில்லை. இருபத்தைந்து வயதுப் பெண்ணின் மார்பகத்துக்குப் பொருட்டு.

எது பாதுகாப்பானது என்ற கேள்விக்கு ஒரே ஆய்வுக்குள் இரண்டு விடையும் கிடைத்தது நல்வாய்ப்பு. நெதர்லாந்தின் 12 வைத்தியசாலைகளில் நடந்து 2006இல் வெளியான கிறிஸ்தோபர் ஆய்வு 3,306 பேரை எடுத்துக்கொண்டது. வெல்ஸ் புள்ளி 4க்கு மேற்படாமல் டி-டைமரும் சாதாரணமாக வந்தவர்களை சிடி எடுக்காமலே வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் 1,057 பேர், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மற்ற எல்லோருக்கும் சிடி. இரண்டு பகுதியினரையும் மூன்று மாதம் பின்தொடர்ந்து, யாருக்குப் பின்னர் இரத்தக்கட்டி வெளிப்பட்டது என்று பார்த்தார்கள். கேள்வியும் இரத்தமும் 'இல்லை' என்று சொன்னவர்களில் 0.5 வீதம். சிடி 'இல்லை' என்று சொன்னவர்களில் 1.3 வீதம்.

இந்த இரண்டு எண்ணையும் பிடித்துக்கொண்டு, எளிய வழி சிடியைவிட நல்லது என்று துள்ளிக் குதிக்கக்கூடாது. சிடிக்குப் போனவர்கள் முதலிலேயே ஆபத்துக் கூடியவர்கள். புள்ளி கூடியவர்களும் டி-டைமர் ஏறியவர்களும் அவர்கள்தான். அவர்களில் கூடுதல் பேருக்குப் பின்னர் கட்டி வருவது எதிர்பார்க்கக்கூடியதே. நியாயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சரியான ஆளுக்குச் செய்தால், எளிய வழியின் 'இல்லை' சிடியின் 'இல்லை'க்குக் குறைந்ததல்ல.

சிடியின் சொல்லும் தனித்து நிற்கும் சொல்லல்ல. அதே 2006இல் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வெளியான பயோபெட்-2 ஆய்வு இதைக் காட்டியது. சிடி மொத்தத்தில் கட்டிகளில் 83 வீதத்தைப் பிடித்தது. வைத்தியரின் மதிப்பீட்டில் ஆபத்து மிகக் கூடியவர் என்று கருதப்பட்டவருக்கு சிடி 'இல்லை' என்று சொன்னபோது, பத்தில் ஆறு தடவைதான் அது சரியாக இருந்தது. ஆபத்துக் குறைந்தவர் என்று கருதப்பட்டவருக்கு சிடி 'உண்டு' என்றபோது சரியாக இருந்தது 58 வீதம். இன்றைய இயந்திரங்கள் அப்போதையவற்றைவிடப் பல மடங்கு கூர்மையானவை, ஆகவே எண்கள் மாறியிருக்கும். ஆனால் கேள்வி கேட்காமல் எடுத்த படத்தை வாசிப்பவர் பாதிக் கண்ணோடு வாசிக்கிறார் என்பது மாறவில்லை. சிடி இருந்தால் வெல்ஸ் புள்ளி வேண்டாம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கவேண்டும்.

கூர்மை கூடினால் நல்லதுதானே என்றும் கேட்கலாம். அமெரிக்காவில் சிடி புழக்கத்துக்கு வந்த 1998 முதல் 2006 வரையான கணக்கைப் பார்த்தால், நுரையீரல் இரத்தக்கட்டி என்று கண்டுபிடிக்கப்பட்டவர்கள் ஒரு இலட்சத்துக்கு 62 பேரிலிருந்து 112 பேராக ஏறினார்கள். அதனால் இறந்தவர்கள் 12.3இலிருந்து 11.9 ஆனார்கள். கண்டுபிடிப்பு ஏறத்தாழ இரட்டித்தும் சாவு அசையவில்லை. அந்த மேலதிகக் கட்டிகளில் ஒரு பகுதி உடல் தானே கரைத்துவிடும் சின்னஞ்சிறு கட்டிகள் என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம். கண்டபின் சும்மா விட முடியாது. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தை மாதக்கணக்கில் கொடுக்கவேண்டும். வாபரின் குளிசையென்றால் இரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்க்கத் திரும்பத் திரும்பக் கிளினிக் வரவேண்டும். விழுந்து தலையில் அடிபட்டால் அதுவே ஆபத்து. எளிய வழியின் மறைமுகமான நன்மை, கண்ணில் படவேண்டாததைக் கண்ணில் படாமல் விடுவது.

இனி எளிய வழிக்குள்ளேயே நடந்த ஒரு மாற்றம். டச்சு ஆய்வாளர்கள் வெல்ஸின் ஏழு கேள்விகளை மூன்றாக்கினார்கள்: காலில் கட்டியின் அடையாளம் உண்டா, சளியோடு இரத்தம் வந்ததா, இந்த நோயே மிகச் சாத்தியமா. மூன்றும் இல்லையென்றால் டி-டைமர் 1000க்குக் கீழே இருந்தால் போதும். ஒன்றாவது இருந்தால் பழைய 500. 'இயர்ஸ்' என்ற பெயரில் 2017இல் வெளியான இந்த ஆய்வில் 3,465 பேர். 48 வீதமானவர்களுக்கு சிடி தேவைப்படவில்லை. வெல்ஸ் முறையில் அது 34 வீதமாக இருந்திருக்கும். விட்டுப்போனவர்கள் மூன்று மாதத்தில் 0.61 வீதம். கனடாவிலும் 2019இல் இதே சிந்தனையோடு வேறொரு முறையைச் சோதித்தார்கள். ஆபத்துக் குறைவானவருக்கு 1000, நடுத்தரமானவருக்கு 500 என்று வைத்ததில், இப்படி விலக்கப்பட்ட 1,325 பேரில் ஒருவருக்குக்கூடப் பின்னர் கட்டி வரவில்லை.

வெல்ஸும் இயர்ஸும் ஒரு விடயத்தில் மட்டும் பிடிவாதமாக ஒன்றுபடுகின்றன. 'வைத்தியர் என்ன நினைக்கிறார்' என்ற கேள்வியை இரண்டுமே விடவில்லை. ஜெனீவாவில் உருவான திருத்திய புள்ளிமுறை, ஆளுக்கு ஆள் மாறும் என்று சொல்லி அதை எடுத்தே விட்டது. எனக்கு அதை வைத்திருப்பதுதான் சரியாகப் படுகிறது, குறிப்பாக எங்கள் பக்கத்தில். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். இருபது மணித்தியாலத்துக்கு மேல் விமானத்தில் மடக்கிய முழங்கால். பிறகு கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம்வரை வான் வண்டியில் இன்னும் ஏழெட்டு மணித்தியாலம் அதே முழங்கால். நான்கு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணம் இரத்தக்கட்டியின் ஆபத்தை ஏறக்குறைய இரட்டிக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்லியது. மொத்தத்தில் அது ஆறாயிரத்தில் ஒருவருக்கு வரும் ஆபத்து. இந்தப் பயணத்துக்கு வெல்ஸின் ஏழு வரியில் ஒரு வரியும் இல்லை. இயர்ஸின் மூன்றில் நிச்சயமாக இல்லை. "எப்ப வந்தனீங்கள்?" என்று கேட்கத் தெரிந்த வைத்தியரின் அந்த மூன்று புள்ளிக்குள்தான் அது நுழைய முடியும்.

அதே மூன்று புள்ளி தவறான பக்கமும் சாயும். களைத்த வைத்தியர் ஒருவர் "இது காஸ்ரிக்தான்" என்று முடிவெடுத்துவிட்டால், டி-டைமரும் அந்த முடிவுக்குப் பின்னால்தான் வரும்.

ஊரின் நோய்களும் கணக்கைக் கலைக்கின்றன. இந்த எண்கள் எல்லாம் நெதர்லாந்திலும் கனடாவிலும் வாழ்பவர்களின் எண்கள். மாரி தொடங்கினால் குடாநாட்டில் டெங்கு வரும். டெங்கில் டி-டைமர் ஏறும். தோட்டத்தில் புடையன் பாம்பு கடித்தவருக்கு இரத்த உறைவே குலைந்து அது வானத்தைத் தொடும். இவர்களில் டி-டைமர் கூடியிருப்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. இவ்வாறானவர் மூச்சுத் திணறினால் நேரே படத்துக்குப் போவதுதான் நேர்மை. கோவிட் காலத்தில், கோப்பாய் தேசிய கல்வியியற் கல்லூரி சிகிச்சை நிலையமாக மாறிய நாட்களில், டி-டைமர் என்ற பெயர் சாதாரண வீடுகளிலும் புழங்கத் தொடங்கியது. அதன் கெட்ட விளைவு இன்னும் இருக்கிறது. புள்ளி போடாமல், கேள்வி கேட்காமல், தனியார் ஆய்வுகூடத்தில் 'ஒருக்காச் செய்து பாப்பம்' என்று செய்து, கூடிய எண்ணைக் கண்டு பயந்து வருபவர்கள் உண்டு. கேள்வி இல்லாத டி-டைமர் சிடி எண்ணிக்கையைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

ஆய்வுகூடம் தரும் தாளில் இன்னொரு பொறியும் உண்டு. சில ஆய்வுகூடங்கள் பைபிரினோஜன் சமன அலகில் எழுதும், சில டி-டைமர் அலகில் எழுதும். முன்னதில் 500 என்பது பின்னதில் ஏறக்குறைய 250. 0.5 என்று போட்டிருந்தால் அது லீற்றருக்கு மில்லிகிராம், அதாவது அதே 500. அலகைப் பாராமல் '400தானே, பரவாயில்லை' என்று ஒருவர் வீட்டுக்கு அனுப்பப்படலாம். அவரது தாளிலுள்ள 400 உண்மையில் 800 ஆக இருக்கலாம். பெரிய ஆய்வுகள் எதுவும் கவலைப்படாத இந்தச் சின்ன விடயம் எங்களுக்குப் பெரியது.

முதியவர்களுக்கு ஒரு திருத்தம் கிடைத்திருக்கிறது. ஐம்பதைக் கடந்தவருக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணே வரம்பு. எழுபத்தெட்டு வயதென்றால் 780. இந்தத் திருத்தத்தைச் சோதித்து 2014இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 75 வயதும் அதற்கு மேலுமானவர்களில் சிடி இல்லாமல் விலக்க முடிந்தவர்கள் 6.4 வீதத்திலிருந்து 29.7 வீதமானார்கள், தவறுகள் கூடாமலே. பிள்ளைகள் வெளிநாட்டில், வீட்டில் முதியவர்கள் மட்டும் என்ற குடும்பங்கள் நிறைந்த கோப்பாய் போன்ற ஊருக்கு, ஒரு பெருக்கல் கணக்கு இவ்வளவு பயன் தருவது அபூர்வம். கர்ப்பிணிகளுக்கும் 2019இல் இயர்ஸ் முறையை மாற்றியமைத்துச் சோதித்தார்கள். அங்கே 39 வீதமானவர்களுக்கு சிடி தவிர்க்கப்பட்டது. மாதம் ஏற ஏற அந்தப் பயன் குறைகிறது.

இவை எல்லாம் பெரும்பாலும் வைத்தியசாலை ஆய்வுகள். கோப்பாயின் நிலைமைக்கு மிக நெருங்கியது, டச்சுக் குடும்ப வைத்தியர்களிடம் நடந்து 2012இல் வெளியான ஓர் ஆய்வுதான். 598 நோயாளர்கள். ஆய்வுகூடம் இல்லை, அந்த இடத்திலேயே சில நிமிடத்தில் 'உண்டு', 'இல்லை' என்று மட்டும் சொல்லும் டி-டைமர் கருவி. வெல்ஸ் 4க்கு மேற்படாமல் கருவியும் 'இல்லை' என்றவர்கள் 272 பேர். அவர்களில் நால்வருக்குக் கட்டி இருந்தது. அதாவது 1.5 வீதம். ஆய்வுகூட டி-டைமரோடு கிடைத்த 0.5ஐவிட இது கூட. விரைவுக் கருவி சிறிய கட்டிகளைத் தவறவிடும் என்பது தெரிந்ததே. ஆனாலும் ஏறக்குறைய பாதிப் பேரைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பாமல் விட முடிந்தது. இந்த 1.5 வீதம் ஏற்கத்தக்கதா என்பது கோப்பாய்க்கும் ஆம்ஸ்ரடாமுக்கும் ஒரே விடையாக இருக்கவேண்டியதில்லை. அங்கே தவறவிடப்பட்டவர் மறுநாள் தொலைபேசி எடுத்தால் கதைப்பதற்கு அவருக்கென்று ஒரு குடும்ப வைத்தியர் இருக்கிறார்.

எளிய பரிசோதனையின் பெறுமதி செய்பவரின் கையில் இருக்கிறது என்பதற்கு இலங்கையிலேயே சாட்சி உண்டு. புடையன் கடித்தவரின் இரத்தத்தைச் சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, இருபது நிமிடம் அசைக்காமல் வைத்து, சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் வழிந்தால் விஷமுறிவு மருந்து கொடுக்கவேண்டும். இதைவிட எளியது உலகிலேயே இருக்காது. வாட்டில் வழக்கமாகச் செய்யப்பட்டபோது அது உறைவுக் குலைவில் 40 வீதத்தை மட்டுமே பிடித்தது என்று 2013இல் வெளியான இலங்கை ஆய்வு சொன்னது. சரியான குழாயில், ஒழுங்கான முறையில் செய்தபோது அதே பரிசோதனை 82 வீதத்தைப் பிடித்ததை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. பரிசோதனை மாறவில்லை, இருபது நிமிடமும் மாறவில்லை.

வெல்ஸ் முறைக்குத் திரும்பினால், புள்ளி 4ஐத் தாண்டியவருக்கு அந்த முறையில் இந்த ஒப்பீடே கிடையாது. அவருக்கு டி-டைமர் செய்வது நேர விரயம். 'இல்லை' என்று வந்தாலும் அந்த முறையில் அதை மட்டும் நம்பி வீட்டுக்கு அனுப்பமுடியாது. இரத்தம் கசியும் ஆபத்து இல்லையென்றால் முதல் ஹெப்பரின் ஊசியைப் போட்டுவிட்டு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். 1990 என்று அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018 யூலையிலிருந்து வட மாகாணத்தில் ஓடுகிறது. கோப்பாயிலிருந்து நகரம் தூரமில்லை. தூரமில்லாததாலேயே எல்லோரையும் அனுப்பிவிடலாம் என்ற சோம்பலும் வரும். அப்போது கட்டி உள்ளவர் கட்டி இல்லாத பத்துப் பேருக்குப் பின்னால் சிடி வரிசையில் காத்திருப்பார்.

வீட்டுக்கு அனுப்பப்படுபவரிடம் சொல்லவேண்டியது மிச்சம். மேலே சொன்னவற்றில், சிடி இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிய ஆய்வுகளில் பாதுகாப்பு என்பது மூன்று மாதக் கணக்கு. 'இல்லை' என்ற சொல்லோடு, எப்போது திரும்பி வரவேண்டும் என்ற அறிவுறுத்தலும் அவர்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கோப்பாயில் அது இப்படி இருக்கும்: "அம்மா, இண்டைக்கு உங்களுக்குப் பயமில்லை. ஆனால் கால் ஊதினாலோ, மூச்சு முந்தியைவிட முட்டினாலோ, சளியிலை இரத்தம் கண்டாலோ, தலை சுத்தி விழப்பாத்தாலோ இரவெண்டும் பாராமல் வாங்கோ. இந்தத் துண்டையும் கொண்டு வாங்கோ." துண்டில் அன்றைய வெல்ஸ் புள்ளியும், டி-டைமர் எண்ணும், அதன் அலகும் எழுதியிருக்கவேண்டும்.